பல் ஆராய்ச்சிக்குப் படியளப்பவர் யார்?

(பல் மருத்துவ மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உதவித்தொகை பற்றிப் பேச வேண்டும் என்றுதான் என்னை அழைத்தார்கள். எந்தத் தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது, என்னென்ன சான்றிதழ் இணைப்பது என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டியல் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைப் பேசத்தான் வந்திருக்கிறேன். பணம் யாரிடமிருந்து வருகிறது, அது எந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறது, எந்தக் கேள்வியின் பக்கமே போகவிடாமல் தடுக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. விண்ணப்ப விவரமும் இடையிடையே வரும். குறித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பேனாவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி ஒரு சோடாக் கடை வருமானத்தில் நடந்தது என்றால் நம்புவீர்களா? டாக்டர் ரஃபியுதீன் அகமது அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்து 1915இல் பட்டம் வாங்கியவர். நாடு திரும்பி 1920இல் கல்கத்தாவில் கல்லூரி தொடங்கினார். படியளக்க ஆள் இல்லை. 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடையை வைத்து, அதில் வந்த காசைக் கல்லூரியில் போட்டார். 1949இல் அந்தக் கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். அவர் பிறந்த டிசம்பர் 24ஐத்தான் நாம் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறோம். இனிப்புச் சோடா விற்ற காசில் பல் மருத்துவம் படிக்கவைத்தார் என்றதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சர்க்கரைக் காசும் பல் ஆராய்ச்சியும் சந்தித்த இன்னொரு கதை பின்னால் வரும். அதற்குச் சிரிப்பு வராது.

முதலில் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. முதலாண்டில் கட்டணத்துக்கு வழியில்லாமல் கலந்தாய்வில் கிடைத்த இடத்தைக் கைவிட்ட பிள்ளைகளைப் பற்றிச் செய்தி வந்த பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் அறிவிப்பும் வந்தது. இன்றைக்கும் விவரம் தெரியாமல் தயங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் போய்ச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசு தரும் தொகை ஒன்று இருக்கிறது. இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.12,000. கோல்கேட் நிறுவனத்தின் 'கீப் இந்தியா ஸ்மைலிங்' திட்டத்திலும் பி.டி.எஸ். மாணவர்களுக்கு இடம் உண்டு. ஒன்றை வாங்கினால் மற்றொன்று கிடையாது என்ற நிபந்தனை பல திட்டங்களில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் கட்டணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பல் மருத்துவ மாணவரின் கைச்செலவு அந்தக் கணக்கில் வருவதில்லை. எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைக்கு ஸ்டெதாஸ்கோப்பும் வெள்ளைக் கோட்டும் வாங்கினால் பாதி வேலை முடிந்தது. பி.டி.எஸ். அப்படி இல்லை. முதலாண்டிலேயே மெழுகுக் கட்டிகள், கார்வர், பிளாஸ்டர் கலக்கும் ரப்பர் கிண்ணம், ஸ்பேச்சுலா எல்லாம் வேண்டும். அடுத்து ஆர்ட்டிகுலேட்டர், அக்ரிலிக் பற்கள், டைப்போடான்ட். அதன் பிறகு ஏரோட்டர் கைப்பிடி, அதற்கான பர்கள், கண்ணாடியும் புரோபும் அடங்கிய பெட்டி. சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கி, தேய்ந்துபோன பர்ரை வைத்தே ஆண்டை ஓட்டும் பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். தேய்ந்த பர் சரியாக வெட்டாது. வெட்டுவதற்காகக் கையை அழுத்துவார்கள். அழுத்திப் பழகிய கை பிறகு மாறாது. உதவித்தொகைத் திட்டம் தீட்டுகிறவர்கள் இந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

இனி மாணவர்கள் பக்கம் வருகிறேன்.

ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் ஒரு திட்டத்தை நடத்திவருகிறது. எஸ்.டி.எஸ். என்று சொல்வோம், குறுகிய கால மாணவர் ஆராய்ச்சித் திட்டம். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்கள் இரண்டு மாதம் ஓர் ஆய்வைச் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். மாதம் ரூ.25,000 என்ற கணக்கில் ரூ.50,000 உதவித்தொகை. கல்லூரியில் முழுநேரமாக வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருக்க வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு ஒரு மாணவர்தான். தேர்வானதுமே பணம் கைக்கு வந்துவிடாது. அறிக்கையை அனுப்பி, அவர்கள் படித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொகையும் சான்றிதழும். கண்டிப்பான ஏற்பாடுதான், ஆனால் நல்ல ஏற்பாடு. இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அத்தனை கல்லூரி மாணவருக்கும் சிபாரிசு இல்லாமல் திறந்திருக்கும் ஆராய்ச்சிக் கதவு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். "வாயைத் திறந்து பார்ப்பதற்கெல்லாம் எதற்கு சார் இத்தனை படிவம்?" என்று கேட்கிறீர்கள். ஸ்வீடனில் விப்பேஹோம் என்ற மருத்துவமனை இருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த இடம். 1940களின் பின்பாதியில் அவர்களுக்குப் பல்லில் ஒட்டும் டாஃபியைச் சாப்பாட்டு வேளைக்கு நடுவே கொடுத்துக் கொடுத்து, பல் எப்படிச் சொத்தையாகிறது என்று அளந்தார்கள். அரசும் சர்க்கரை, மிட்டாய்த் தொழிலும் சேர்ந்து ஆதரித்த ஆய்வு அது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்று நாம் இன்று பாடப் புத்தகத்தில் படிப்பது அங்கிருந்து வந்ததுதான். சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாதவர்களின் பற்களைச் சொத்தையாக்கிப் பெற்ற அறிவு அது. அந்தப் படிவத்தை நிரப்பும்போது சலித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, படிவம் நிரப்பத் தயார். கேள்விக்கு எங்கே போவது? எம்.டி.எஸ். ஆய்வேடுகளின் அலமாரிக்குப் போய்ப் பாருங்கள். இந்தப் பசைக்கும் அந்தப் பசைக்கும் எது அதிகம் ஒட்டும், இந்த நிறுவனத்துக் கலவைக்கும் அந்த நிறுவனத்துக் கலவைக்கும் எது அதிகம் கசியும் என்ற ஒப்பீடுகள் வரிசைவரிசையாக இருக்கும். பிடுங்கிய பல்லை அச்சில் பதித்து, இயந்திரத்தில் வைத்து இழுத்து, எத்தனை மெகாபாஸ்கலில் பிய்ந்தது என்று குறித்தால் மூன்று ஆண்டில் ஆய்வேடு தயார். நோயாளி வேண்டாம், ஊர் வேண்டாம், யாருடைய சம்மதமும் வேண்டாம். எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, இது எந்த ஊர் மக்களுக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டால் பதில் இருக்காது. பிறகு அது காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் ஏதோ ஓர் இதழில் வெளிவந்து, பதவி உயர்வுக் கோப்பில் போய்ச் சேரும்.

ஊரிலிருந்து கேள்வி எப்படி வரும் என்று சொல்கிறேன். தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் பழுப்புக் கறை படர்ந்த பற்களுக்கான பரிசோதனை முகாம். பல்லைப் பார்க்க வெயில் வேண்டும் என்பதால் பெஞ்சை முற்றத்தில் போட்டிருந்தோம். பல்லைத் துணியால் துடைத்து, காயவிட்டு, சாய்த்துப் பார்ப்பேன். கறையின் கடுமையை அளக்கும் டீன் குறியீட்டில் எண்ணைச் சொல்வேன். பக்கத்தில் மாணவி ஒருத்தி எழுதுவாள். 0 என்றால் இயல்பு, 4 என்றால் கடுமை. "இரண்டு... மூன்று... மூன்று... நான்கு..." என்று போய்க்கொண்டிருந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "செங்கல் தூள் போட்டுத் தேய்ச்சா போயிடும்னு எங்க ஆயா சொல்றாங்க, போயிடுமா சார்?" என்று கேட்டாள். போகாது. அந்தப் பழுப்பு மேலே படிந்த கறை அல்ல. பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, ஏறத்தாழ எட்டு வயதுக்குள், தண்ணீரிலிருந்து வந்து எனாமலில் புகுந்துவிட்டது. செங்கல் தூள் போட்டால் இருக்கிற எனாமலும் தேய்ந்துபோகும்.

இந்தப் பழுப்புப் பல்லின் வரலாறே யார் பணம், யார் கேள்வி என்பதற்கு நல்ல பாடம். 1901இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளைஞர் கல்லூரியை முடித்த கையோடு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் மருத்துவமனை திறந்தார். ஊர்ப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை. புத்தகத்தில் அப்படி ஒரு நோயே இல்லை. 30 ஆண்டு அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்பது வரை கண்டுபிடித்தார். என்ன என்று தெரியவில்லை. பதில் எங்கிருந்து வந்தது தெரியுமா? அலுமினிய நிறுவனத்திலிருந்து. அல்கோவா நிறுவனம் நடத்திய ஆர்கன்சா சுரங்க ஊரிலும் பிள்ளைகளுக்கு அதே கறை. அலுமினியப் பாத்திரம் விஷம் என்று ஏற்கெனவே வதந்தி. பல் கறைக்கும் நம்மைத்தான் குற்றம் சொல்வார்கள் என்று பயந்து, நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் 1931இல் அந்தத் தண்ணீரைச் சோதித்தார். ஃபுளோரைடு அகப்பட்டது. மெக்கேக்குப் பிள்ளைகளின் பல் கவலை, நிறுவனத்துக்குப் பாத்திர வியாபாரக் கவலை. இரண்டும் ஒரே கிணற்றில் வந்து நின்றன. எல்லாச் சமயமும் அப்படி நிற்காது.

அடுத்த ஆறாண்டில் அந்தக் கேள்வி நம் பக்கம் வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பகுதி மக்களுக்கு எலும்பு இறுகி முதுகு வளையும் நோய் ஃபுளோரைடால்தான் வருகிறது என்று கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவர் குழுவினரும் 1937இல் எழுதினார்கள். அதே ஷார்ட்தான் பிற்பாடு மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்து வளர்வதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் அதன் நோக்கம். இப்போது கணக்குப் போடுங்கள். அந்தத் தண்ணீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. அண்ணன் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன், தங்கை ஒகேனக்கல் தண்ணீரில் வளர்ந்தவள். ஒரே வீட்டு இரண்டு பிள்ளைகளின் முன்பற்களை ஒப்பிட்டால் ஒரு குடிநீர்த் திட்டத்தின் பலனைப் பல்லிலேயே படிக்கலாம். இதற்கு வேண்டியது வாய்க் கண்ணாடி, தண்ணீர்ப் பாட்டில், பேருந்துக் கட்டணம், பெற்றோரின் சம்மதக் கையெழுத்து. இரண்டு மாதத்தில், எஸ்.டி.எஸ். பணத்துக்குள் முடியும். பசை பிய்ந்த கணக்கைவிட இது எத்தனையோ மேல்.

நம் நாட்டில் பெரிய அளவில் நடந்த வாய்நோய் ஆய்வுகளுக்கு யார் படியளந்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ரேஷனில் அமெரிக்கக் கோதுமைக்கு வரிசையில் நின்ற பெரியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமை அது. அதற்கு நாம் டாலர் கொடுக்கவில்லை, ரூபாயில்தான் கொடுத்தோம். அந்த ரூபாயில் ஒரு பகுதி இங்கேயே அமெரிக்காவின் கணக்கில் சேர்ந்தது. அந்தப் பணத்திலிருந்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இந்திய ஆய்வுகளுக்கு மானியம் கொடுத்தது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், அணு இயற்பியல் நடந்த அதே வளாகத்தில், டாக்டர் ஃபாலி மேத்தா என்ற பல் மருத்துவர் ஒரு பல் ஆராய்ச்சிப் பிரிவை நடத்திவந்தார். 1960களின் பின்பாதியில் அந்தக் குழுவின் பல் மருத்துவர்கள் எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், சிங்பூம், தர்பங்கா ஆகிய 5 மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் 50,915 கிராமத்தாரின் வாயைத் திறந்து பார்த்தார்கள். ஸ்ரீகாகுளத்தில் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு, பெண்களிடம் அதிகம். அங்கே புற்றுநோய் மேலண்ணத்தில் வந்தது. மற்ற ஊர்களில் புகையிலையை அடக்கிவைக்கும் கன்னத்தில் வந்தது. பழக்கம் எங்கே தொடுகிறதோ அங்கே நோய்.

அதோடு நிறுத்தவில்லை. எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர் மூன்றிலும் புகையிலைப் பழக்கமுள்ள 36,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, நேரில் பேசி, படம் காட்டி, பழக்கத்தை விடச் சொன்னார்கள். விட்டவர்கள் கூடினார்கள், வாயில் வெள்ளைப் படலம் வருவது குறைந்தது. 1986இல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. அடுத்து 1996இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் 13 ஊராட்சிகளை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் டார்ச் விளக்கோடு வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். பார்த்த ஊராட்சிகளையும் பார்க்காத ஊராட்சிகளையும் ஒப்பிட்டதில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. இதுவும் 2005இல் 'லான்செட்' இதழில் வந்தது. இதற்குப் பணம் பிரிட்டனின் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கொடை ஒன்றிலிருந்து. கன்னியாகுமரிக்கு அடுத்த மாவட்டத்தில் டார்ச் விளக்கு வெளிச்சத்தில் நடந்த வேலையை உலகமே மேற்கோள் காட்டுகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1.4 லட்சம் பேருக்கு மேல் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்ததாக உலகக் கணக்கு சொல்கிறது. நம் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம். இந்த இரண்டு ஆய்விலும் பணம் வெளியிலிருந்து வந்தது, கேள்வி நம் ஊர்க் கேள்வி. அதனால்தான் அவை நின்றன.

இப்போது சிரிப்பு வராத கதை. அமெரிக்காவில் 1948இல் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார்கள். உலகப் போருக்கு ஆள் எடுக்கும்போது, எதிரெதிரே பொருந்தும் பற்கள் ஆறு ஜோடிகூட இல்லாமல் ஏராளமான இளைஞர்கள் தள்ளப்பட்டது ஆட்சியாளர்களை உறுத்தியது. 1971இல் அந்த நிறுவனம் பல் சொத்தையை ஒழிக்கும் தேசியத் திட்டத்தை அறிவித்தது. இந்தத் தலைப்புகளில் விண்ணப்பியுங்கள், மானியம் தருகிறோம் என்று ஆய்வாளர்களை அழைத்தது. அந்த அழைப்பை எழுதியது யார்? கிறிஸ்டின் கேர்ன்ஸ் என்ற பல் மருத்துவர் இல்லினாய் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்த பழைய வேதியியல் பேராசிரியர் ஒருவரின் காகிதக் கட்டுகளைப் பிரித்துப் படித்தார். சர்க்கரைத் தொழில் சங்கத்தின் 319 ஆவணங்கள். சங்கம் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிய யோசனையில் 78 விழுக்காடு அப்படியே அரசின் மானிய அழைப்பில் இடம்பெற்றிருந்தது. சங்கத்தின் வல்லுநர் குழுவும் அரசின் குழுவும், ஒருவரைத் தவிர, அதே ஆட்கள். 2015இல் இது வெளிவந்தது.

அதில் என்ன கெட்டது என்று கேட்கலாம். சர்க்கரை பல்லைக் கெடுக்கிறது என்று சங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அதை அவர்கள் மறுக்கவில்லை. பல்லில் படியும் படலத்தைக் கரைக்கும் நொதி கண்டுபிடியுங்கள், சொத்தைக்குத் தடுப்பூசி கண்டுபிடியுங்கள் என்று பணத்தை அந்தப் பக்கம் திருப்பினார்கள். எந்தத் தின்பண்டம் பல்லை எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்கும் ஆய்வு முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நழுவியது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் எண்ணைத் திருத்தவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படவே இல்லை. அந்தத் தடுப்பூசி இன்று வரை எந்த மருந்துக்கடைக்கும் வரவில்லை. மானியத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. விடையை விலைக்கு வாங்குவது கடினம். கேள்வியை வாங்குவது சுலபம், யாருக்கும் தெரியவும் தெரியாது.

அதற்காக நிறுவனப் பணத்தைத் தீண்டவே கூடாது என்று சொல்ல மாட்டேன். 1940களின் நடுவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உங்களைப் போலப் பல் மருத்துவ மாணவராக இருந்தவர் ஜோசப் மூலர். எந்த ஃபுளோரைடு உப்பு எனாமலோடு நன்றாகச் சேரும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனார். புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பணம் போட்டது. அதிலிருந்து வந்த 'கிரெஸ்ட்' பற்பசை 1950களின் நடுவில் சந்தைக்கு வந்தது, 1960இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றது. அந்தக் காப்புரிமைத் தொகையில் பல்கலைக்கழகம் ஓர் ஆராய்ச்சி நிலையமே கட்டிக்கொண்டது. நிறுவனம் லாபம் பார்த்தது, கோடிக்கணக்கான பிள்ளைகளின் பல்லும் பிழைத்தது. கேள்வி மூலருடையது, பணம் பிறகு வந்தது. அந்த வரிசை முக்கியம்.

நாளை உங்களிடம் ஒரு நிறுவனம் மானியத்தோடு வந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். தரவு யாருக்குச் சொந்தம்? முடிவு அவர்களுக்குப் பாதகமாக வந்தாலும் வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டா? வெளியிடும் முன் அவர்கள் திருத்தலாம் என்று எங்காவது பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா? மருந்தையோ சிகிச்சையையோ சோதிக்கும் ஆய்வென்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். என்ன அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டால் பின்னால் யாரும் கேள்வியை மாற்ற முடியாது.

அரசுப் பணமும் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். முதுநிலை ஆய்வேடுகளுக்கு உதவுகிறது. ஆசிரியர்களுக்கு ரூ.2 கோடி வரை சிறிய திட்ட மானியம், அதற்கு மேல் ரூ.8 கோடி வரை நடுத்தர மானியம் என்று வைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்திருக்கிறது. ஆனால் ஐ.சி.எம்.ஆர். குடையின் கீழ் காசநோய்க்கு நிறுவனம் இருக்கிறது, தொழுநோய்க்கு இருக்கிறது, பல்லுக்கென்று ஒன்று கிடையாது. உலக மக்களில் 350 கோடிப் பேருக்கு வாய்நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிக்கை விட்டது. இதயம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடு ஒரே மேசையில் போட்டியிட்டால் பல் எப்போதும் கடைசிப் பந்திதான். தனி நிறுவனம் கேட்டுக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் மேடையிலும் எதிரிலும் இருக்கிறீர்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. பிரிட்டனின் காமன்வெல்த், செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு, ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஆகியவை நேர்மையான பாதைகள். செவனிங்குக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். உலகப் பல் ஆராய்ச்சிச் சங்கத்தின் ஹேட்டன் போட்டிக்கு இந்தியக் கிளை வழியாக இளம் ஆய்வாளர்கள் போகலாம். நான் சொன்ன உதவித்தொகை எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பணம் கட்டினால் 'ஸ்காலர்ஷிப்' வாங்கித் தருகிறோம் என்று யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால், பெற்றோர்களே, இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

கடைசியாக மூன்று தரப்பிடம் எனக்கு வேண்டுகோள் உண்டு.

மாணவர்களே, உங்கள் ஊர்க் கேள்வியோடு வாருங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவரின் வாய், திருப்பூரில் இரவு ஷிஃப்டில் ஹான்ஸ் புகையிலை அடக்கும் இளைஞனின் ஈறு, நீலகிரித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையின் பால்பல் என்று நீங்கள் பிறந்து வளர்ந்த இடத்திலேயே கேள்வி இருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கு அது தெரியாது. நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆசிரியர்களே, எஸ்.டி.எஸ். அறிவிப்பு வரும் நாட்களில் மாணவர் கதவைத் தட்டினால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அனுப்பாதீர்கள். ஒரு வழிகாட்டிக்கு ஒரு மாணவர் என்பதால், நீங்கள் மறுத்தால் ஓர் இடம் குறைகிறது. மூன்றாமாண்டு மாணவருக்கு அடுத்த வருஷம் பரீட்சை, அதற்கடுத்த வருஷம் பயிற்சி மருத்துவர். அப்போது அவர் விண்ணப்பிக்கவே முடியாது.

முன்னாள் மாணவர்களே, ஆண்டு விழாவுக்கு மலர்மாலையும் நினைவுப் பரிசும் வாங்கும் காசில் கல்லூரியில் ஒரு கருவிப்பெட்டி நிதி தொடங்குங்கள். முதலாண்டுப் பிள்ளைக்கு ஒரு பெட்டி, மூன்றாமாண்டில் புதிய பர்கள், படிப்பு முடிந்ததும் ஆர்ட்டிகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனை. இதற்கு அரசாணை வேண்டாம், அறக்கட்டளைப் பதிவுகூட உடனே வேண்டாம். இன்று எனக்குப் போட்ட பொன்னாடைக்கு ஆன செலவிலிருந்தே அதைத் தொடங்கலாம். பொன்னாடையைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கல்வியாண்டிலேயே முதல் பெட்டியை வாங்குங்கள்.